சிலந்தி பயம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எட்டுக்கால் பூச்சியைக் கண்டால் அறையை விட்டே ஓடுகிறவர்களுக்காகவும், அவர்களோடு ஒரே வீட்டில் குடித்தனம் நடத்துகிறவர்களுக்காகவும் எழுதியது. இதில் ஒரு படம்கூட இல்லை. பயப்படாமல் கீழே படித்துக்கொண்டு போகலாம்.

சிலந்தி யாருக்குத்தான் பிடிக்கும்? என்னுடையது 'போபியா' என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சுவரில் திடீரென்று ஒன்று ஓடினால் துள்ளிக் குதிப்பது போபியா இல்லை. அது யாருக்கும் வரும். மருத்துவர்கள் பார்ப்பது வேறு: பயம் ஆறு மாதத்துக்கு மேலாக இருக்கிறதா, சிலந்தியைப் பார்க்கும் ஏறக்குறைய ஒவ்வொரு முறையும் வருகிறதா, அதனால் உங்கள் அன்றாடம் கெட்டுப்போகிறதா. கடைசியில் சொன்னதுதான் முக்கியம். ராத்திரி பாத்ரூம் போக வேண்டியிருந்தும் விடியும்வரை அடக்கிக்கொண்டு கிடப்பது, பொங்கலுக்கு ஊருக்குப் போனால் ஓட்டு வீட்டில் படுக்க வேண்டுமே என்று ஏதாவது சாக்குச் சொல்லிப் போகாமலே இருப்பது, பரண்மேல் இருக்கும் பாத்திரத்தை எடுக்கப் பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிடுவது. இந்த அளவுக்கு வந்துவிட்டால் அதற்கென்று ஏதாவது செய்தாக வேண்டும். "இதுக்கெல்லாம் ஒரு டாக்டரா?" என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். மனநலப் பிரச்சினைகளில் சீக்கிரமே சரியாகக்கூடியவற்றில் இது ஒன்று.

அது என்னை ஒன்றும் செய்யாது என்று எனக்கே தெரியும். அப்புறமும் ஏன் பயம்?

தெரிந்திருப்பதால் பயம் போவதாக இருந்தால் இந்தப் பக்கத்துக்கே வேலையில்லை. பயம் அறிவைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. ஜெர்மனியிலும் ஸ்வீடனிலும் உள்ள ஆய்வாளர்கள் 2017-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆறு மாதக் குழந்தைகளுக்குப் பூவின் படத்தையும் சிலந்தியின் படத்தையும் காட்டினார்கள். சிலந்தியைப் பார்த்தபோது குழந்தைகளின் கண்மணி அதிகமாக விரிந்தது. அந்தக் குழந்தைகள் பயந்துவிட்டார்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. சிலந்தி கண்ணில் பட்டதும் உடம்பு உஷாராவது கற்றுத் தெரிந்துகொண்டது மட்டும் இல்லை என்றுதான் பொருள்.

அந்த உஷாரின் மேல் மற்றவை வந்து சேர்கின்றன. அம்மாவோ அக்காவோ அலறியதைச் சின்ன வயதில் பார்த்திருப்போம். அருவருப்பும் இதில் பெரும்பங்கு வகிக்கிறது. பலருக்குப் பயத்தைவிட அருவருப்புதான் தூக்கல்; "கடிக்கும்" என்பதைவிட "மேலே ஏறிவிடும்" என்பதுதான் அவர்களால் தாங்க முடியாதது. ஆனால் உங்கள் பயம் எங்கே தொடங்கியது என்று தோண்டித் துருவ வேண்டிய அவசியம் இல்லை. காரணம் கிடைக்காமலே பயம் போகும்.

வீட்டுக்குள் ஓடுகிறதே, அந்தப் பெரிய பழுப்பு நிற எட்டுக்கால் பூச்சி, அது விஷமா?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். காலை விரித்தால் உள்ளங்கையை நிறைக்கும், வலை கட்டாது, சுவரில் பக்கவாட்டாகச் சரேலென்று ஓடும், காலண்டருக்கும் சாமி படத்துக்கும் பின்னால் போய் ஒட்டிக்கொள்ளும். ஹெட்டரோபோடா வெனட்டோரியா என்பது அதன் அறிவியல் பெயர். வெப்ப நாடுகளில் ஏறக்குறைய எல்லா இடத்திலும் வீடுகளில் இருக்கிறது. உடம்பு தட்டையாக இருப்பதால்தான் அவ்வளவு பெரியது இவ்வளவு சின்ன இடுக்கில் நுழைந்துவிடுகிறது. சில சமயம் வயிற்றுக்கடியில் வட்டமான, தட்டையான வெள்ளைப் பை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நிற்கும். அது முட்டைப் பை. சுமப்பது பெண் சிலந்தி. அந்த நேரத்தில் அது அதிகம் ஓடாது, சாப்பிடுவதும் குறைவு.

விஷம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. மிகச் சில குடும்பங்களைத் தவிர எல்லாச் சிலந்திகளுக்கும் விஷம் உண்டு. அது பூச்சியை மடக்குவதற்கானது. இந்தச் சிலந்தி ராத்திரியில் கரப்பான் பூச்சி பிடித்துத் தின்னும். கையால் அமுக்கினாலோ, துணிக்குள் சிக்கிக்கொண்டாலோ, முட்டைப் பையோடு இருக்கும்போது சீண்டினாலோ மனிதரையும் கடிக்கலாம். கடித்தால் வலிக்கும், கொஞ்சம் வீங்கும், தானாக அடங்கிவிடும். சோப்பு போட்டுக் கழுவி ஐஸ் வைத்தால் போதும். எந்தப் பூச்சி கடித்தாலும் மூச்சுத் திணறல், உடம்பெல்லாம் வியர்த்துக் கொட்டுவது, தசைப்பிடிப்பு, முகம் வீங்குவது என்று வந்தால் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

"அது என்னைப் பார்த்துத்தான் ஓடி வந்தது" என்று பலர் சத்தியம் செய்வார்கள். நீங்கள் நிற்கும் பக்கத்தில் கட்டிலோ பீரோவோ இருந்திருக்கும். அதற்கு வேண்டியது இருட்டான இடுக்கு. நீங்கள் வழியில் நின்றீர்கள், அவ்வளவுதான்.

எட்டுக்கால் பூச்சி மூத்திரம் பெய்தால் கொப்புளம் வரும் என்கிறார்களே?

நம் ஊரில் இந்தப் பயத்துக்குத் தினமும் எண்ணெய் ஊற்றுவது இந்த நம்பிக்கைதான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சிலந்தியின் கழிவு வெள்ளைச் சுண்ணாம்புத் துளி மாதிரி விழும், பெரும்பாலும் குவானின் என்ற பொருள். அது தோலைப் பொசுக்காது.

அப்படியானால் காலையில் எழுந்ததும் கழுத்தில் கோடு போட்டதுபோல் எரிந்துகொண்டு நிற்கும் கொப்புளம்? பல சமயம் அதைச் செய்தது பீடரஸ் என்ற சின்ன வண்டு. ஒரு செண்டிமீட்டர்கூட இருக்காது, உடம்பில் ஆரஞ்சும் கறுப்பும் மாறி மாறி இருக்கும். மழைக்காலத்தில் டியூப்லைட் வெளிச்சத்துக்கு வரும். அது கடிப்பதும் இல்லை, கொட்டுவதும் இல்லை. தூக்கத்தில் நாம் அதைத் தேய்த்து நசுக்கிவிட்டால் அதன் உடம்புக்குள் இருக்கும் பீடரின் என்ற நச்சு தோலில் படுகிறது. ஒரு நாள் கழித்துத்தான் எரிச்சல் தெரியும். அதற்குள் வண்டு போன இடம் தெரியாது, சுவரில் இருக்கும் சிலந்திதான் கண்ணில் படும். பழி அதன் மேல் விழுந்துவிடுகிறது. இந்த வண்டு மேலே ஊர்ந்தால் அடிக்காமல் ஊதித் தள்ளிவிட்டு, அந்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

இன்னொன்று அக்கி. உடம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் பட்டையாகக் கொத்துக் கொத்தாகக் கொப்புளம், தொட்டாலே சுரீரென்று வலி. இதையும் 'எட்டுக்கால் பூச்சி' என்று சொல்லிக் காவி பூசிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள். சின்ன வயதில் வந்த சின்னம்மையின் வைரஸ் நரம்பில் தங்கியிருந்து மறுபடி கிளம்புவதுதான் அக்கி. கொப்புளம் கிளம்பிய 72 மணி நேரத்துக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் கிடைக்கும். கண்ணுக்குப் பக்கத்தில் வந்தால் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள்.

பார்க்கும்போது உண்மையிலேயே பூதாகாரமாகத் தெரிகிறது. எனக்கு மட்டும்தானா?

இல்லை. அமெரிக்காவில் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் செய்து 2012-இல் வெளியான ஆய்வில், பயம் அதிகமுள்ளவர்கள் உயிருள்ள சிலந்தியைப் பார்த்துவிட்டு அதன் அளவை மற்றவர்களைவிடப் பெரிதாகச் சொன்னார்கள். "முறத்தளவு இருந்துச்சு" என்பவர் புளுகவில்லை.

பயத்தைப் போக்க நிஜமாகவே பலன் தரும் வழி எது?

ஒன்றுதான்: ஓடாமல் நிற்பது, படிப்படியாக. மருத்துவத்தில் 'எக்ஸ்போஷர்' என்பார்கள்.

சிலந்தியைக் கண்டு நீங்கள் ஓடும்போது சட்டென்று ஒரு நிம்மதி வருகிறதே, சிக்கல் அங்கேதான். "ஓடியதால்தான் தப்பித்தேன்" என்று மூளை எழுதி வைத்துக்கொள்கிறது. நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அதற்குத் தெரிய வாய்ப்பே கொடுக்கவில்லை. அடுத்த முறை இன்னும் முன்கூட்டியே மணி அடிக்கிறது. நின்று பார்க்கும்போதுதான் அந்தக் கணக்கு மாறும். யார் எவ்வளவு எடுத்துச் சொன்னாலும் மாறாதது அதில் மாறுகிறது.

இது புதிய யோசனை இல்லை. 1924-இல் மேரி கவர் ஜோன்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், முயலைக் கண்டு அலறிய பீட்டர் என்ற சின்னப் பையனுக்குப் பிடித்ததைச் சாப்பிடக் கொடுத்துக்கொண்டே முயலை மெல்ல மெல்லப் பக்கத்தில் கொண்டுவந்து பயத்தைப் போக்கினார். 1958-இல் தென்னாப்பிரிக்காவின் ஜோசப் வோல்ப்பே இதை ஒழுங்கான சிகிச்சை முறையாக்கினார். ஸ்வீடனின் லார்ஸ்-யோரான் ஓஸ்ட் 1989-இல் எழுதியதுதான் ஆச்சரியம்: ஒரே அமர்வு, அதிகபட்சம் மூன்று மணி நேரம், அதிலேயே பெரும்பாலோருக்கு நல்ல முன்னேற்றம். வந்தவரைக் கட்டாயப்படுத்துவதில்லை, திடுக்கிட வைப்பதில்லை. ஒவ்வொன்றையும் முதலில் சிகிச்சையாளர் செய்து காட்டுவார், பிறகுதான் இவர் செய்வார்.

அதை வீட்டில் நானே செய்யலாமா?

பயம் நடுத்தரமாக இருந்தால் செய்யலாம். நம் வீடுகளில் பயிற்சிக்கு வேண்டிய சிலந்திகளுக்குப் பஞ்சமில்லை, அது ஒரு வசதி. கீழே உள்ளது நான் சொல்லும் வரிசை. உங்களுக்கு எது எளிது, எது கடினம் என்று பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் காகிதத்தில் ஒரு சிலந்தி வரையுங்கள். சிரிப்பாக இருக்கலாம், ஆனால் சிலருக்கு எட்டாவது காலைப் போடும்போதே கை கூசும். அப்புறம் படம், பிறகு சத்தமில்லாத வீடியோ. அலுக்கும்வரை பாருங்கள்.

அடுத்து ஒட்டடையில் தொங்கும் சிலந்தி. உடம்பு அரிசி அளவுதான், கால் மட்டும் நூல் மாதிரி நீளம். ஒட்டடைக் கம்பை எடுக்காமல் ஒன்றை விட்டு வையுங்கள். முதல் நாள் வாசற்படியிலிருந்து பாருங்கள், பிறகு நாற்காலி போட்டு உட்காருங்கள். தைரியம் வந்த ஒரு நாள் வலையில் லேசாக ஊதிப் பாருங்கள். உடம்பு முழுவதையும் கிடுகிடுவென்று ஆட்டும், உருவமே கலங்கித் தெரியும். அது தாக்குதல் இல்லை. எதிரியின் கண்ணில் சரியாகப் படாமல் இருக்க அது செய்யும் வித்தை.

அதற்குப் பிறகு, என் கணிப்பில், ஆரம்பநிலைக்காரர்களுக்கு உத்தமமான சிலந்தி: ஜன்னல் ஓரத்தில் ஈ பிடித்துக்கொண்டு திரியும் குதிக்கும் சிலந்தி. விரல் நகத்தளவுதான் இருக்கும். முன்னால் நாலு கண், அதில் நடுவில் இருக்கும் இரண்டும் பெரியவை. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் விரலை வைத்து மெதுவாக நகர்த்துங்கள், அதுவும் உங்கள் விரலோடு திரும்பித் திரும்பிப் பார்க்கும். தன்னைத் திரும்பிப் பார்க்கிற ஒரு ஜீவனிடம் அருவருப்பு கொஞ்சம் விட்டுப்போவதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

கடைசியில்தான் அந்தப் பெரிய பழுப்புச் சிலந்தி. முதலில் எதிர்ச் சுவரிலிருந்து பார்ப்பது. அப்புறம் வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலைக் கவிழ்த்து அதை மூடி, அடியில் ஒரு கெட்டி அட்டையைச் செருகி, அப்படியே தூக்கிக்கொண்டுபோய் வெளியே விடுவது. இதைத் தனியாகச் செய்ய முடிந்துவிட்டால் வாழ்க்கைக்குத் தேவையானது கிடைத்துவிட்டது. கையில் ஏற்றி நடக்கவிட வேண்டும் என்பதில்லை. ஓஸ்ட் முறையில் அதுவும் உண்டு, ஆனால் பெயர் தெரியாத சிலந்தியை வீட்டில் கையில் ஏற்றுவது தேவையில்லாத வேலை.

எவ்வளவு நேரம் நிற்க வேண்டும்? பயம் முழுக்கப் போகும்வரையா?

முன்பெல்லாம் பயம் பாதியாகும்வரை நில் என்பார்கள். இப்போது பல சிகிச்சையாளர்கள் வேறு மாதிரி செய்கிறார்கள். தொடங்கும் முன் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்களோ அதை ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். "இரண்டு அடி தூரத்தில் உட்கார்ந்தால் என் மேல் பாய்ந்துவிடும்", "என்னால் தாங்க முடியாமல் பைத்தியம் பிடித்துவிடும்." முடிந்ததும் நடந்ததைப் பக்கத்தில் எழுதுங்கள். "அங்கேயே இருந்தது, பிறகு சுவிட்ச் போர்டுக்குப் பின்னால் போய்விட்டது." எழுதியதற்கும் நடந்ததற்கும் உள்ள தூரம்தான் பாடம். அது புரிந்துவிட்டால் அன்றைக்குப் போதும். ஒரே அறையில் மட்டும் செய்யாமல் பாத்ரூம், மாடிப்படி, ஊர் வீட்டுத் திண்ணை என்று இடத்தை மாற்றுங்கள்.

அருவருப்பு பயத்தைவிட மெதுவாகத்தான் இறங்கும். "பயம் போச்சு, ஆனா இன்னும் உவ்வே என்றுதான் இருக்கு" என்றால் தோல்வி இல்லை.

நடுவில் மயங்கி விழுந்துவிட்டால்?

சிலந்தி பயத்தில் மயக்கம் அபூர்வம். மயங்குவதற்கு ரத்த அழுத்தம் சட்டென்று இறங்க வேண்டும். இந்தப் பயத்தில் நெஞ்சு படபடத்து அழுத்தம் ஏறத்தான் செய்கிறது. ரத்தம், ஊசி இவற்றைக் கண்டு பயப்படுகிறவர்கள் விஷயம் வேறு, அவர்கள் உண்மையிலேயே மயங்குவார்கள். இதய நோய், வலிப்பு, கர்ப்பம் இருந்தால் தனியாகச் செய்யாமல் டாக்டரிடம் பேசிவிட்டுத் தொடங்குங்கள்.

மாத்திரை இருக்கிறதா? ஹிப்னாடிசம்?

சிலந்தி பயத்துக்கென்று வழக்கத்தில் உள்ள மாத்திரை கிடையாது. அல்பிரசோலம் போன்ற மாத்திரை அப்போதைக்குப் படபடப்பை அடக்கும், ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பயிற்சி செய்தால் "மாத்திரையால்தான் தப்பித்தேன்" என்ற புதுக் கணக்கு தொடங்கும். பழக்கமாகிவிடும் ஆபத்தும் இருக்கிறது. ஆம்ஸ்டர்டாமில் இரண்டு ஆய்வாளர்கள், டரான்டுலா என்ற பெரிய ரோமச் சிலந்திக்கு எதிரில் சில நிமிடம் நிற்கவைத்த உடனே புரொப்ரனலால் என்ற மாத்திரையை ஒரே ஒருமுறை கொடுத்துப் பார்த்து, நல்ல பலன் கிடைத்ததாக 2015-இல் வெளியிட்டார்கள். படிக்கச் சுவையான ஆய்வு. அதை வைத்துக்கொண்டு கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அது ஆபத்து.

லண்டன் உயிரியல் பூங்காவில் சிலந்தி பயத்துக்கென்றே ஒரு வகுப்பு நடத்துகிறார்கள். அதில் ஹிப்னாடிசமும் உண்டு, கடைசியில் சிலந்திக்குப் பக்கத்தில் போவதும் உண்டு. பலன் இரண்டாவதிலிருந்துதான் வருகிறது என்பது என் சந்தேகம். விஆர் கண்ணாடி போட்டுச் செய்யும் பயிற்சிக்கும் பலன் இருக்கிறது. நிஜச் சிலந்தியை நினைத்தாலே முடியாதவர்களுக்கு நல்ல முதல் படி.

என் கணவர் ரப்பர் சிலந்தியைத் தலையணையில் போட்டு "பாரு, ஒண்ணும் ஆகல" என்கிறார். அதுவும் பயிற்சிதானே?

இல்லை. சொல்லாமல் கொள்ளாமல் வருவது பயத்தை வளர்க்கத்தான் செய்யும். எப்போது, எவ்வளவு பக்கத்தில் என்பதைப் பயப்படுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் கணவருக்கு உதவ ஆசை என்றால் ஒன்று செய்யலாம்: நீங்கள் கூப்பிடும்போது ஓடிவந்து சிலந்தியை அடிக்காமல், பக்கத்தில் வந்து நிற்கட்டும்.

மகளுக்கு ஏழு வயது. நான் பயப்படுவதைப் பார்த்து அவளும் கத்துகிறாள்.

குழந்தைகள் பார்த்துத்தான் கற்கிறார்கள். ஆனால் பயமே இல்லாததுபோல் நீங்கள் நடிக்க வேண்டாம், கண்டுபிடித்துவிடுவாள். "அம்மாவுக்கும் கொஞ்சம் பயம்தான், வா, ரெண்டு பேரும் இங்க இருந்தே பார்க்கலாம்" என்று சொல்லி அங்கேயே நில்லுங்கள். கால் எண்ணச் சொல்லுங்கள். "சாப்பிடலைன்னா எட்டுக்கால் பூச்சி வந்துடும்" என்ற மிரட்டலைத் தாத்தா பாட்டி உள்பட வீட்டில் யாரும் சொல்லக் கூடாது.

பூச்சி ஸ்ப்ரே அடித்துவிட்டால் வேலை முடிந்ததே?

அடித்த சிலந்தி உடனே சாகாது. தறிகெட்டு ஓடும், கூரையில் இருந்தால் தலையிலேயே விழும். நீங்கள் பயந்தது அதற்குத்தானே? கரப்பான் பெருகினால் அதைத் தின்னும் சிலந்தியும் வரும், கரப்பானைக் குறையுங்கள். வாசல் விளக்கைத் தேவைக்கு மட்டும் போட்டால் பூச்சி வரத்து குறையும். மூலையில் கிடக்கும் 'செத்த சிலந்தி' பல சமயம் அது உரித்துப்போட்ட சட்டைதான். வெறும் கூடு. அதைக் காகிதத்தில் எடுத்துப் போடுவதையும் பயிற்சி வரிசையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஸ்கூட்டரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் இருந்தால்?

சிலந்தியைவிட உங்கள் பதற்றம்தான் அங்கே ஆபத்து. வேகத்தைக் குறைத்து ஓரம் கட்டி, வண்டியை நிறுத்திய பிறகுதான் ஹெல்மெட்டில் கை வைக்க வேண்டும். மாட்டும் முன் ஒருமுறை தட்டிப் பார்ப்பது நல்ல பழக்கம். ஐந்து முறை தட்டிப் பார்ப்பது பயத்தின் வேலை.

சிட்னிக்குக் குடிவந்திருக்கிறோம். இங்கே நிஜமாகவே ஆளைக் கொல்லும் சிலந்தி இருக்கிறதாமே?

இருக்கிறது, சிட்னி ஃபனல்-வெப். ஆனால் அதற்கு 1981-இல் விஷமுறிவு மருந்து வந்தது. அதன் பிறகு அந்தக் கடியால் யாரும் இறந்ததாகப் பதிவு இல்லை. ரெட்பேக் என்ற சிலந்திக்கு 1956-லேயே மருந்து வந்துவிட்டது. வெளியே கிடந்த ஷூவை உதறிப் போடுங்கள், தோட்டத்தில் கையுறை அணியுங்கள், கடித்தால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். வீட்டுச் சுவரில் பார்க்கும் பெரிய சிலந்தி அநேகமாக ஹன்ட்ஸ்மேன், நம் ஊர்ப் பழுப்புச் சிலந்தியின் உறவினர். அதற்கு மேலே சொன்ன பாட்டில் முறையே போதும். கறுப்பாகப் பளபளப்பவற்றிடம் மட்டும் பயிற்சி வேண்டாம்.

சிலந்தியைக் கொன்றால் பாவமா?

பாவ புண்ணியம் எனக்குத் தெரியாது. திருவானைக்காவல் தலபுராணத்தில், லிங்கத்தின் மேல் சருகு விழாமல் வலைப்பந்தல் போட்ட சிலந்திதான் மறுபிறவியில் கோச்செங்கட் சோழனாகப் பிறந்தது. கொல்ல மனசில்லாதவர்களுக்கு இது கூடுதல் காரணம்.

எந்த டாக்டரைப் பார்ப்பது?

கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் அல்லது மனநல மருத்துவர். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. பெங்களூரு நிம்ஹான்ஸிலும் இந்தச் சிகிச்சை உண்டு. எங்கே போவதென்று தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416-ஐக் கூப்பிடுங்கள், இலவசம், தமிழிலும் பேசலாம். யாரிடம் போனாலும் முதலிலேயே ஒன்றைக் கேளுங்கள்: "எக்ஸ்போஷர் முறையில் செய்வீர்களா?" மாதக்கணக்கில் பேசிக்கொண்டே இருப்பதும், மாத்திரைச் சீட்டு மட்டும் எழுதித் தருவதும் இந்தப் பயத்துக்கு அவ்வளவாக உதவாது.

எல்லாம் சரியான பிறகு மறுபடி பயம் வந்தால்?

வரலாம். நல்ல களைப்பிலோ, காய்ச்சலிலோ, புது வீட்டிலோ, நெடுநாள் சிலந்தியையே பார்க்காமல் இருந்து திடீரென்று பார்த்தாலோ பழைய படபடப்பு எட்டிப் பார்க்கும். பழைய கதை மறுபடி தொடங்கிவிட்டது என்று பொருள் இல்லை. காகிதத்தில் வரைவதிலிருந்து தொடங்க வேண்டியதும் இல்லை. இரண்டு படி கீழே இறங்கி ஒட்டடைச் சிலந்தியிடமிருந்து தொடங்குங்கள், சில நாளில் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். அதுவரை பாட்டிலையும் அட்டையையும் பரணில் போடாமல் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.